நீரிழிவு நோயாளரின் இரத்த அழுத்த ஏற்ற இறக்கமும் இதய, இரத்தக்குழாய் நோய் இடரும்

நீரிழிவு நோயாளரின் இரத்த அழுத்தம் பெரும்பாலும் சராசரியைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. சராசரி இலக்குக்குள் இருப்பின் சிகிச்சை போதுமானதெனக் கொள்ளப்படும். ஆனால் அச்சராசரி மறைக்கும் செய்தியொன்று உண்டு. எடுத்துக்காட்டாக, ஐந்து மருத்துவ வருகைகளில் ஒருவரின் இதயச் சுருக்க அழுத்தம் 132, 130, 134, 131, 133 மி.மீ. பாதரசம் எனவும், மற்றொருவருக்கு 108, 158, 120, 150, 124 எனவும் பதிவானதாகக் கொள்ளலாம். இருவருக்கும் சராசரி 132 தான். திட்ட விலக்கமோ முன்னவருக்கு ஏறத்தாழ 1.6, பின்னவருக்கு 21.1.

இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதா என்னும் வினாவிற்கு 2010இல் 'லான்செட்' இதழில் பீட்டர் ராத்வெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வலுவான விடையளித்தது. வருகைக்கு வருகை காணப்படும் ஏற்ற இறக்கம், சராசரி அழுத்தத்தைச் சாராமலேயே பக்கவாதத்தை முன்னுணர்த்துவதை அவர்கள் காட்டினர். இரண்டாம் வகை நீரிழிவு நோயாளரிடம் நடத்தப்பட்ட 'அட்வான்ஸ்' ஆய்வின் தரவுகளும் 2013இல் இத்திசையையே சுட்டின. 24 மாதங்களில் ஆறு முறை அளக்கப்பட்ட அழுத்தம் மிகுதியாக மாறுபட்டவர்களுக்கு, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருங்குழாய்ப் பாதிப்புகளும் சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகளும் கூடுதலாக ஏற்பட்டன.

நீரிழிவில் இத்தடுமாற்றம் மிகுவதற்கு உடலியங்கியல் காரணம் தெளிவானது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள், அழுத்தம் ஏறும்போதும் இறங்கும்போதும் மூளைத்தண்டுக்குத் தெரிவிக்கின்றன. தன்னியக்க நரம்புகள் உடனே இதயத்துடிப்பையும் குழாய்களின் விரிவையும் சரிசெய்கின்றன. நெடுநாள் உயர் சர்க்கரை இந்நரம்புகளைச் சிதைக்கிறது. தமனிச் சுவரையும் விறைப்பாக்குகிறது. விறைத்த சுவரில் உணரிகள் நன்கு நீட்சியடைவதில்லை. ஆகவே படுக்கையில் உயர்ந்து நிற்கும் அழுத்தம் எழுந்தவுடன் சரிகிறது. இரவில் இயல்பாகத் தாழ வேண்டியது தாழாமல் நிற்கிறது. ஒவ்வோர் எழுச்சியும் சிறுநீரக, விழித்திரை நுண்குழாய்களைத் தாக்குகிறது. ஒவ்வொரு சரிவும் குறுகிய இதயத் தமனிகளில் இரத்தவோட்டத்தைக் குறைக்கக்கூடும்.

எனினும் ஏற்ற இறக்கம் நோயின் காரணமா, முன்பே சிதைந்த குழாய்களின் அறிகுறியா என்பதை இத்தகைய தொடர்பாய்வுகளால் மட்டும் பிரித்தறிய இயலாது. மாத்திரைகளை இடையிடையே விட்டுவிடுவதும் எண்களைத் தடுமாறச் செய்யும். இந்த எளிய காரணத்தை விசாரிக்காமல் மருந்தைக் கூட்டுவது சரிவையே ஆழப்படுத்தும். மருந்துத் தேர்வும் ஒரு பங்கு வகிக்கிறது: 'அஸ்காட்' ஆய்வில் அட்டெனோலால் பெற்றவர்களைவிட அம்லோடிபின் பெற்றவர்களிடம் ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தது.

தன்னியக்க நரம்புச் சிதைவை ஐயுறுவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மீண்டும் அளந்தால் போதும். சுருக்க அழுத்தம் 20 அல்லது விரிவு அழுத்தம் 10 மி.மீ. குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ்வழுத்தம். நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் முதலில் கைவிடப்படுவதும் இவ்வளவீடே.