மூன்று இடங்கள், இரண்டு பீரங்கிகள், ஒரு கடிகாரம்

எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் வாங்குகிறவர்கள் முதலில் அதை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ‘கணீர்’ என்று ஒலித்தால் நல்ல சாமான். ‘டொக்’ என்றால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததைக் காது சொல்லிவிடும்.

மாணவ நண்பர்களே! ஒரு முறை என் மாணவர்களைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். ரயிலிலேயே ஒருவன் கேட்டான்: “சார், எல்லாரும் கோட்டையையும் கோயிலையும் கடற்கரையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இயற்பியல் படிக்கிற நமக்கென்று அந்த ஊரில் ஒன்றும் இல்லையா?”

“இருக்கிறது. கோட்டை, நுங்கம்பாக்கம், பரங்கிமலை. மூன்றும் ஒரே மின்ரயில் பாதையில்தான் இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்த மூன்று இடங்களும் சேர்ந்து ஒரே சோதனைச்சாலையாக இருந்தன” என்றேன்.

அது என்ன சோதனை? ஒலியின் திசைவேகத்தை அளக்கும் சோதனை.

அந்நாளில் அது சாதாரண வினா அன்று. காற்றில் ஒலி எவ்வளவு வேகமாகச் செல்லும் என்பதை நியூட்டன் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். ஆனால் அவருடைய சூத்திரம் தந்த விடை, 0 டிகிரி செல்சியசில், வினாடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர்தான். உண்மை வேகமோ ஏறத்தாழ 332 மீட்டர். எங்கே பிழை? ஒலி அலை காற்றை நெருக்கும்போது அந்தக் காற்று சற்றுச் சூடாகிறது. நெருக்கம் விரைவாக நிகழ்வதால் அந்த வெப்பம் வெளியேற நேரமில்லை. நியூட்டன் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று 1816-ல் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் விளக்கினார். இத்தகைய விளக்கங்களைச் சரிபார்க்கத் துல்லியமான அளவுகள் தேவை. வெவ்வேறு வெப்பநிலைகளில் எடுத்த அளவுகளாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்படிப்பட்ட அளவுகள் கிடைத்த இடங்களில் ஒன்று நம் சென்னை.

முதலில் கோட்டைக்குப் போவோம். புனித ஜார்ஜ் கோட்டையில் இன்று சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கின்றன. அக்காலத்தில் அங்கே காலையிலும் மாலையிலும் பீரங்கி வெடிப்பது வழக்கம். பரங்கிமலைப் படைமுகாமிலும் அதேபோல் ஒரு பீரங்கி முழங்கும்.

இரண்டாவது இடம் நுங்கம்பாக்கம். கல்லூரிச் சாலையில் மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. முன்னதாக அனுமதி பெற்றுச் சென்றால், அந்த வளாகத்தில் உயர்ந்த கருங்கல் தூண் ஒன்றைக் காணலாம். 1792-ல் இங்கு அமைந்த சென்னை வான் ஆய்வுக்கூடத்தின் தூண் அது. எடை 10 டன். அதன்மேல் தமிழிலும் வேறு மொழிகளிலும் எழுத்துகள் பொறித்திருக்கின்றன.

ஒரு தொலைநோக்கிக்கு 10 டன் தூண் எதற்கு? விண்மீனைப் பார்க்கும் கருவி மிகச் சிறிதளவு அசைந்தாலும் அளவு பிழையாகிவிடும். அருகில் ஒருவர் நடந்தால்கூட அது அதிரக் கூடாது. கனமான பொருள் எளிதில் அசையாது என்பது நிலைமம் பற்றிய பாடத்தில் நீங்கள் படித்ததுதான்.

இந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-ல் சூரியனின் முகத்தை வெள்ளிக் கோள் கடந்த நிகழ்ச்சியை விளக்கி, பொதுமக்களுக்காக இந்திய மொழிகளிலும் நூல் எழுதச் செய்தார். தாய்மொழியில் அறிவியல் சொல்ல நம்மவர் அன்றே முனைந்தார்கள் என்பதை இந்தத் தூணருகில் நின்று நினைத்துக்கொள்ளலாம்.

1820, 1821 ஆண்டுகளில் ஆய்வுக்கூடத் தலைவராக இருந்தவர் ஜான் கோல்டிங்ஹாம். புதிதாக ஒரு கருவியும் அவர் செய்யவில்லை. ஊரார் தினமும் கேட்டுக்கொண்டிருந்த பீரங்கிகளையே பயன்படுத்திக்கொண்டார். தொலைவில் வெடியின் ஒளி தெரிந்ததும் கடிகாரத்தின் துடிப்புகளை எண்ணத் தொடங்க வேண்டும். முழக்கம் காதில் விழுந்ததும் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். பரங்கிமலையிலிருந்து ஆய்வுக்கூடம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். இந்தத் தொலைவைக் கடக்க ஒளிக்கு ஒரு வினாடியில் 33,000-ல் ஒரு பங்கு போதும்; அதை விட்டுவிடலாம். ஒலிக்கோ ஏறத்தாழ 26 வினாடி வேண்டும்.

கோட்டையிலிருந்து ஆய்வுக்கூடம் ஏறத்தாழ 4.25 கிலோமீட்டர். அங்கிருந்து ஒலி வர 12 வினாடி. அருகிலேயே ஒரு பீரங்கி இருக்க, தொலைவில் உள்ளதால் என்ன பயன்? எண்ணும்போது அரை வினாடி தவறியதாக வைத்துக்கொள்வோம். கோட்டைப் பீரங்கியில் அது 100-க்கு 4 பங்கு பிழை. பரங்கிமலைப் பீரங்கியில் 2 பங்குதான்.

அப்படியானால் ஒன்றே போதாதா? இங்கேதான் நகரத்தின் அமைப்பு கைகொடுக்கிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து பார்த்தால் கோட்டை கிழக்குப் பக்கம், பரங்கிமலை தென்மேற்கு. அதாவது இரண்டும் ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகள். கடற்காற்று வீசினால் கோட்டை ஒலி விரைந்து வரும். மலை ஒலி தாமதமாகும். தரைக்காற்று வீசினால் நேர் மாறாக நடக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் காற்றின் தொல்லையைப் பிரித்துவிடலாம்.

பல மாதங்கள் அளந்ததில், குளிர்ந்த ஜனவரியில் ஒலி மெதுவாகவும் வெப்பமான மாதங்களில் விரைவாகவும் வந்தது தெரிந்தது. வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும் என்று இன்று படிக்கிறோம். கோல்டிங்ஹாமின் கட்டுரையை 1823-ல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. பாரிசுக்கு அருகே பிரெஞ்சு அறிஞர்கள் பீரங்கி வைத்து இதே சோதனையைச் செய்தது 1822-ல்தான்.

மூன்றாவது இடம் பரங்கிமலை. படியேறி உச்சிக்குச் சென்றால் நகரம் முழுவதும் கண்ணில் படும். 1802-ல் லாம்டன் என்ற அளவையாளர் இம்மலையருகிலிருந்துதான் எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை அளந்தார். வெயிலில் சங்கிலி நீளுமே என்று வெப்பநிலையையும் குறித்துக்கொண்டார். அங்கே தொடங்கிய முக்கோண அளவீடு பின்னர் இமயம் வரை சென்றது.

என் மாணவர்கள் மலையுச்சியில் நின்று நுங்கம்பாக்கம் எந்தத் திக்கில் என்று தேடினார்கள். இன்று இடையில் எத்தனையோ மாடிக் கட்டடங்கள். ஓயாத வண்டிச் சத்தம். பீரங்கி வெடித்தாலும் அங்கே கேட்குமா என்பது ஐயமே. வான் ஆய்வுப் பணி 1899-ல் கோடைக்கானலுக்குப் போய்விட்டது. பழைய ஆய்வுக்கூடக் கட்டடமும் இப்போது இல்லை. தூண் மட்டும் நிற்கிறது. கல்லூரிச் சாலையில் நாங்கள் வழி கேட்ட யாருக்கும் அதைப் பற்றித் தெரியவில்லை. தெரிந்தவர்கள் போய்ப் பார்த்தால்தான் இத்தகைய சின்னங்கள் பிழைத்திருக்கும்.

ஊர் திரும்பியதும் மாணவர்கள் மணிமுத்தாற்று மணலில் 340 மீட்டர் அளந்தார்கள். ஒரு கோடியில் ஒருவன் கையை உயர்த்தி மேளத்தை ஓங்கி அடித்தான். மறுகோடியில் மற்றவர்கள் நேரம் பார்த்தார்கள். ஒருவர் விடையும் மற்றவர் விடையோடு ஒத்துவரவில்லை. கண்டதும் விரல் அழுத்த நமக்கு ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. மொத்த நேரமே 1 வினாடிதான்!

“9 கிலோமீட்டர் ஏன் என்று இப்போது புரிகிறது, சார்” என்றான் ரயிலில் கேள்வி கேட்ட அதே மாணவன்.