பையனுக்கு ஃபீஸ், பொண்ணுக்குப் பவுனா?

பனியன் கம்பெனியில் தீபாவளி போனஸ் வந்ததும் திருப்பூர்ப் பக்கம் பல வீடுகளில் போடும் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். பையனுக்குக் காலேஜ் ஃபீஸ், பொண்ணுக்கு ஒரு பவுன். இரண்டும் பிள்ளைகளுக்கான செலவுதானே என்பீர்கள். ஆனால் ஃபீஸ் கட்டினால் படிப்பு வரும், அதை வைத்து வேலை வரும். பவுன் பீரோவில்தான் இருக்கும்.

அந்தப் பவுனுக்காகப் பொண்ணையே மில்லுக்கு அனுப்பியதும் இந்த வட்டாரத்தில் நடந்தது. ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர். (அரசுத் திட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், தனியார் நூற்பாலைகள் நடத்தியது.) மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால், கடைசியில் கல்யாணச் செலவுக்கு 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. உடம்பு முடியாமல் நடுவில் திரும்பிய பல பெண்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இப்போது ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு 36,000 வரை வரும். கிட்டத்தட்ட அதே தொகைதான், ஆனால் பொண்ணு காலேஜில் இருப்பாள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம்தான் உயர்கல்விக்கு என்று மாற்றப்பட்டு, 2022 செப்டம்பர் 5 அன்று இப்படித் தொடங்கியது. பையன்களுக்கும் 2024 ஆகஸ்ட் முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் அதே 1,000.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பிறகு நீட்டித்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு, மூன்று பொண்ணுகள் படித்தாலும் எல்லோருக்கும் உண்டு. “கம்பெனிக்குப் போய்க்கிட்டே தபால்ல படிக்கட்டும்” என்றால் கிடைக்காது. தொலைதூரக் கல்விக்கு இந்தத் திட்டம் இல்லை.

விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். சேர்ந்ததும் அங்கேயே கேளுங்கள். பணம் மாணவியின் சொந்த வங்கிக் கணக்குக்கு வரும், ஆதார் அந்தக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். போனிலேயே பார்க்கலாம்: ‘மைஆதார்’ இணையதளத்தில் ஆதார் எண், ஓடிபி கொடுத்து நுழைந்து ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ தொட்டால், எந்த வங்கி என்று காட்டும். எதுவும் காட்டாவிட்டால் பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள்.

போகும்போது இன்னொன்று. கணக்கில் அப்பா நம்பரோ அண்ணன் நம்பரோ கொடுத்திருந்தால், பணம் வந்த எஸ்எம்எஸ் அவர்களுக்குத்தான் போகும். பொண்ணோட நம்பரை மாற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஏடிஎம் கார்டும் அவள் கையிலேயே இருக்கட்டும்.