முடக்குவாதமும் கூடி வாழ்தலும்

தமிழில் நோய்ப் பெயர்கள் பல, நோயின் தோற்றத்தைச் சுட்டி எழுந்தவை. மஞ்சட்காமாலை நிறத்தாற் பெயர் பெற்றது. யானைக்கால் வடிவத்தாற் பெயர் பெற்றது. முடக்குவாதமோ, அது மனிதர்க்குச் செய்வதைக் கொண்டு பெயர் பெற்றது. முடக்குதல் என்னும் வினை மடங்கச் செய்தலைக் குறிக்கும். இயங்கவொட்டாமல் ஓரிடத்தில் நிறுத்திவைத்தலையும் குறிக்கும். விரல் முடங்குகிறது, அவ்விரலுக்குரியவரும் வீட்டுக்குள் முடங்குகிறார். முன்னதற்கு மருத்துவம் உண்டு. பின்னதைப் பற்றிப் பேச மருத்துவர்க்கு நேரம் வாய்ப்பதில்லை. உறவினர்க்கோ அது ஒரு துன்பமென்றே தோன்றுவதில்லை. அப்பின்னதைப் பற்றியதே இக்கட்டுரை.

நோயின் இயல்பு

மூட்டில் எவ்வகை வலி தோன்றினும் அதனை வாதம் என்னும் ஒரே சொல்லால் வழங்குவது நம்மவர் வழக்கம். எனினும் வேறுபாடு அறிதல் இன்றியமையாதது. முதுமையிலும் உடற்பருமனாலும் முழங்கால், இடுப்பு முதலிய மூட்டுகளின் குருத்தெலும்பு தேய்வது மூட்டுத் தேய்வு. உடலின் தற்காப்பு ஆற்றல் திசைமாறி, மூட்டின் உட்சவ்வையே பகையெனக் கருதித் தாக்குவது முடக்குவாதம். இதனை ஆங்கில மருத்துவத்தார் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பர். இப்பெயரை 1859இல் வழங்கியவர் இலண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் காரட். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் முடக்குவாதம் உடையோர் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் பேர். அவருள் நூற்றுக்கு எழுபதின்மர் பெண்டிர். மூட்டுத் தேய்வு உடையோர் தொகையோ 52 கோடியைத் தாண்டும்.

முடக்குவாதம் கிழவர் நோயன்று. முப்பது வயதிலும் வரும். அதற்கு முன்னரும் வரும். விரற்கணுக்கள், மணிக்கட்டு, பாதத்தின் சிறுமூட்டுகள் ஆகியவற்றை இருபுறமும் ஒருசேரப் பற்றும். வலியோடு கடுஞ்சோர்வும் உடன் வரும். இச்சோர்வு உறங்கினால் தீர்வதன்று. இவற்றினும் கொடியது, நோய் ஒருநாளைப் போல் மறுநாள் இராமை. வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் நடந்து வந்தவர் ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கோப்பையைத் தூக்க இயலாமல் இருப்பார். “முந்தாநாள் நன்றாகத்தானே இருந்தீர்கள்?” என்று கேட்போர் கேலியாகக் கேட்பதில்லை, மெய்யாகவே அவர்க்கு விளங்குவதில்லை. ஆயினும் அக்கேள்வியை நான்குமுறை கேட்டவர் ஐந்தாம் முறை வெளியே வருவதில்லை.

காலைப்பொழுதின் கொடுமை

முடக்குவாதத்தின் தனி அடையாளம் காலை நேர இறுக்கம். அழற்சியைத் தூண்டும் பொருள்கள் இரவின் பிற்பகுதியிலும் விடியலிலும் குருதியில் மிகுவதால், விழித்தெழுந்தவுடன் மூட்டுகள் பசையிட்டு ஒட்டியன போல் இறுகிக் கிடக்கும். ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே பலர்க்குக் கை திறக்கும். சிலர்க்கு முற்பகல் முழுதும் வேண்டும். மூட்டுத் தேய்வில் இவ்விறுக்கம் பெரும்பாலும் அரைமணிக்குள் தளர்ந்துவிடும். ஆனால் நாள் முழுதும் நடமாடியபின் மாலையில் வலி மிகும். ஒரே வீட்டில் மாமியார்க்கு மூட்டுத் தேய்வும் மருமகளுக்கு முடக்குவாதமும் இருப்பின், ஒருவர் எழுச்சியோடு இருக்கும் வேளையில் மற்றவர் சுருண்டு கிடப்பார். இருவரும் ஒருவரையொருவர் சோம்பேறி என்று எண்ணிக்கொள்ளவும் கூடும்.

இங்கு நம் வழக்கம் ஒன்று குறுக்கிடுகிறது. தமிழகத்து இந்துக் குடும்பங்களில் முகூர்த்தம் பெரும்பாலும் காலைப்பொழுதில் அமைகிறது. ஆறு மணி முகூர்த்தத்திற்குச் செல்வதெனின் மூன்று மணிக்கு எழுந்து, குளித்து, கொக்கியிட்டு, பட்டு உடுத்து, தலைவாரிக்கொள்ள வேண்டும். முடக்குவாதமுடைய பெண்ணுக்கு இதனினும் கடுமையான வேலை வேறில்லை. அவ்வழைப்பு வந்தவுடன் ‘நம்மால் ஆகாது’ என்று அவர் ஒதுங்குவது இயல்பே. ஆனால் அதே திருமணத்திற்கு முதல்நாள் மாலையில் வரவேற்பு நடைபெறின், அவ்வேளை அவர்க்கு உகந்த வேளை. தாலி கட்டுவதைக் காணாதது ஒரு குறையே. எனினும் மணமக்களைக் கண்டு, பத்து உறவினரோடு பேசி, ஒருவேளை உணவு உண்டு மீள்வது, ஒன்றுமே இன்றி வீட்டில் இருப்பதினும் எவ்வளவோ மேல். முகூர்த்தத்தைக் கண்டே ஆகவேண்டுமெனின், முதல்நாள் இரவே மண்டபத்திற்கு அருகில் தங்கி, விடியலில் வெந்நீரில் கைகளை நனைத்து விரல்களைச் சற்றே அசைத்துப் பழகியபின் புறப்படலாம்.

மருந்தின் நாளும் கருதத்தக்கது. முடக்குவாதத்திற்குப் பலர் உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ளப்படுவது. அதனை உட்கொண்ட மறுநாள் சிலர்க்குக் குமட்டலும் அயர்ச்சியும் உண்டாகும். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை உறவினர் வருவதாயின், மருந்துக்கு வேறு கிழமையை வைத்துக்கொள்ளலாமா என மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. மருத்துவர் தாமாக இதனைச் சொல்லார். நோயாளியின் ஞாயிற்றுக்கிழமை அவர்க்குத் தெரியாது.

தரையும் சஹனும்

நம் கூட்டுறவு வாழ்வின் பெரும்பகுதி தரையில் நிகழ்வது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் விருந்தின்போது ஒரு சஹனைச் சுற்றி இருவரோ மூவரோ அமர்ந்து ஒன்றாக உண்பர். உணவைப் பகிர்வதோடு நெருக்கத்தையும் பகிரும் அழகிய வழக்கம் இது. முழங்காலும் கணுக்காலும் மடங்காத ஒருவர்க்கோ இவ்வழகே வேலியாகிவிடுகிறது. அவரை மூலையில் ஒரு நாற்காலியில் அமர்த்தித் தனித்தட்டில் பரிமாறுவர். அன்பினால் செய்வதுதான். எனினும் அத்தட்டில் அவரோடு கைந்நனைப்பார் ஒருவருமிலர். நாற்காலி அவர் காலைக் காத்தது. கூட்டத்திலிருந்து அவரைப் பிரித்தும் விட்டது.

இதற்கு மாற்று மிக எளிது. சஹனையே ஒரு மேசைமேல் ஏற்றிவைத்து, அவரைச் சுற்றி மேலும் இருவரை நாற்காலியில் அமரச் செய்தால் போதும். நோயாளிக்கெனத் தனி ஏற்பாடு செய்யாமல், நோயாளியோடு சேர்ந்து சிலர் தம் ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளுதல் என்பதே இதன் உட்பொருள். இலைப்பந்தியில் மேசை வந்துவிட்டமையால் அங்கு இத்தொல்லை குறைவு. பள்ளிவாசலில் நாற்காலியிட்டுத் தொழுவோர்க்கு வரிசையின் ஓரத்தில் இடமளிப்பதும் இன்று பரவலாகியுள்ளது. நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்ற இசைவு தொன்றுதொட்டு உள்ளதே. ஆயினும் நாற்காலிக்குக் கூசி வீட்டிலேயே தொழுதுகொள்ளும் பெரியவர் இன்றும் பலருளர்.

கை கொடுத்தல்

பெருநாள் தொழுகை முடிந்தவுடன் ஒருவரையொருவர் தழுவி இரு கைகளாலும் முஸாபஹா செய்வது வழக்கம். அன்பு மிக மிகப் பிடியும் இறுகும். அழற்சியுற்ற விரற்கணுவை ஓர் இளைஞர் மகிழ்ச்சியோடு அழுத்தும்போது உண்டாகும் வலியைச் சொல்லில் வடிப்பது அரிது. அவ்வாறு நூறு பேர் வரிசையில் நிற்கின்றனர்! கைகூப்பி வணங்குவது எளிதெனத் தோன்றும். மணிக்கட்டில் வீக்கமுடையவர்க்கு இரு உள்ளங்கையும் பொருந்தக் கூப்புவதே இயலாது. வலக்கையை மார்பின்மேல் வைத்து, முகமலர்ச்சியோடு ஸலாமோ வணக்கமோ சொல்லுதல் இருசாரார்க்கும் உகந்தது. முதலில் கையை மார்பில் வைத்துவிட்டால் எதிரில் வருபவரும் அவ்வாறே செய்வார். விளக்கம் கூற வேண்டிய தேவையே எழாது. கை பற்றியே ஆகவேண்டுமெனின், நோயாளி முந்திக்கொண்டு பிறர் விரல்களை மெல்லப் பற்றுதல் நன்று. பிடிப்பவரின் கையிலேயே அழுத்தத்தின் அளவு உள்ளது.

அழைப்பு நின்றுபோகும் விதம்

காய்ச்சலுற்றவரைக் காண ஊரே வரும். நாட்பட்ட நோய்க்கு அவ்வாறில்லை. முதல் மூன்று திங்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வந்து குவியும். பின்னர் வருகை குறையும். ஓராண்டு கழிந்தால் நலம் உசாவுவது ‘இன்னும் சரியாகவில்லையா?’ என்னும் ஒரு கேள்வியாகச் சுருங்கும். மறுபுறம் நோயாளியும் அழைப்புகளை மறுக்கத் தொடங்குகிறார். மூன்றுமுறை மறுத்தவரை நான்காம் முறை அழைப்பது அவர்க்குத் தொந்தரவு என எண்ணி அழைப்போர் நிறுத்துவர். ‘நம்மை மறந்துவிட்டார்கள்’ என இவர் எண்ணுவார். இருபுறமும் பிழையில்லை, உறவு மட்டும் அறுந்துவிடுகிறது.

எனவே மறுக்கும்போதே மாற்றையும் உடன் சொல்லுதல் வேண்டும் என்பது எம் கருத்து. “வர இயலாது” என்பதனோடு நில்லாமல், “காலையில் இயலாது, அஸருக்குப் பின் வருகிறேன்” என்றோ, “மாடிப்படி ஏற இயலாது, புதன்கிழமை நீங்கள் இங்கு வாருங்கள்” என்றோ சொன்னால் கதவு அடைபடுவதில்லை. நோயின் வரலாறு முழுவதையும் எல்லார்க்கும் சொல்ல வேண்டியதில்லை. இன்னது இயலும், இன்னது இயலாது என்னும் இரண்டு வாக்கியம் போதும். வலியைப் பற்றியே பேசுவோரிடமிருந்து கேட்போர் விலகுவதும், வலியை முற்றும் மறைப்போரிடம் கேட்போர் பெரும்பாரத்தைச் சுமத்துவதும் உலகியல்பு.

டோரத்தி ஹாட்ஜ்கின்

இதற்கு அறிவியலுலகில் ஒரு சான்று உண்டு. பிரித்தானிய வேதியியலறிஞர் டோரத்தி ஹாட்ஜ்கின், 1938இல் தம் 28ஆம் அகவையில், முதல் மகவு பிறந்தபின் முடக்குவாதத்திற்கு ஆளானார். மெத்தோட்ரெக்சேட்டுக்கு முடக்குவாத மருந்தாக அமெரிக்க அரசு இசைவளித்தது 1988இல். கார்ட்டிசோன் முதன்முதலாக இந்நோய்க்குத் தரப்பட்டதே 1948இல். ஆகவே அவர்க்கு வாய்த்த மருத்துவம் மிகச் சிறிது. எக்ஸ்கதிர்க் கருவியின் விசையைக் கையால் இயக்க முடியாதபோது அதற்கு நீண்டதொரு நெம்புகோல் பொருத்திக்கொண்டார். பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் மூலக்கூற்று அமைப்பைக் கண்டறிந்து 1964இல் நோபெல் பரிசு பெற்றார்.

கருவியில் நெம்புகோல் பொருத்தியதைப் பலரும் எடுத்துரைப்பர். எமக்கு அதனினும் வியப்பாவது அவர் மனிதரோடு கொண்ட தொடர்பு. பல நாட்டு மாணவர் அவரிடம் பயின்றனர். 1969இல் இன்சுலினின் அமைப்பை வெளியிட்ட குழுவில் இந்தியரான ம. விஜயனும் ஒருவர். போருக்கு எதிரான அறிஞர் கூட்டமைப்பாகிய பக்வாஷ் இயக்கத்திற்கு 1976 முதல் 1988 வரை அவரே தலைவர். 1985இல் மேகி ஹாம்ப்ளிங் தீட்டிய ஓவியத்தில் அவர்க்கு நான்கு கைகள் உள்ளன; வளைந்த அக்கைகள் தாள்களிடையே ஓயாது இயங்குகின்றன. 1993இல் பெய்ஜிங் நகரில் நிகழ்ந்த படிகவியல் மாநாட்டிற்குச் சக்கர நாற்காலியில் சென்றார். மறு ஆண்டு இறந்தார். அப்பயணத்தால் நோய் தணியவில்லை; தணியுமென்று அவர் போகவுமில்லை. நண்பர்கள் அங்கு இருந்தனர்.

விருந்தழைப்போர் செய்யக்கூடியவை

நோயாளியின் முயற்சி பாதியே. மீதி, மண்டபம் கட்டுவோர் கையிலும் விருந்து அழைப்போர் கையிலும் உள்ளது. நம் ஊர்த் திருமண மண்டபங்களுள் பல, உணவுக்கூடத்தை மாடியிலோ நிலவறையிலோ வைத்துள்ளன. கைப்பிடியற்ற பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுவதற்கு விரல்களை ஊன்ற வேண்டும்; கைப்பிடியுள்ள நாற்காலியிலோ முன்கையை ஊன்றி எழலாம். இருநூறு நாற்காலியில் பத்து அவ்வாறிருந்தால் போதும். மேற்கத்திய முறைக் கழிப்பறை ஒன்றேனும் கீழ்த்தளத்தில் இல்லையெனின், பல பெண்கள் காலை முதல் நீர் அருந்தாமல் வருவர், அல்லது வாராமலே இருப்பர். காரணத்தை ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லார். பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களில் இத்தகைய வசதிகள் வேண்டுமென்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. சட்டம் செல்லும் வேகம் நாமறிந்ததே. அதுவரை, அழைப்பிதழ் கொடுக்கச் செல்லும்போது, “படி எத்தனை ஏறுவீர்கள்? எந்நேரம் உங்களுக்கு வசதி?” என்று கேட்கலாம். கேட்டுவிட்டு, ஒருவரை ஊர்தியோடு அனுப்பிவைக்கலாம்.