கோடையில் விழிக்கும் ஸ்டேஷன்

ஸ்விட்ஸர்லாந்தில், பூர்க்கா, கிரிம்ஸெல் என்னும் இரண்டு கணவாய்ச் சாலைகள் கூடுமிடத்தில் கிளெட்ச் என்ற சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு 5,700 அடிக்கும் மேலே, ஒரு பழைய ஹோட்டல், ஒரு சிறு தேவாலயம், ஒரு ரயில்வே ஸ்டேஷன், அவ்வளவே ஊர். பனிக்காலத்தில் சாலைகள் அடைபடும்; ஸ்டேஷனும் உறங்கிவிடும். ஆனி மாதத்தில் நீராவி ரயிலின் ஊதல் கேட்கும்போதுதான் அது மறுபடி கண் விழிக்கிறது. புரட்டாசியோடு அதன் பருவம் முடிகிறது.

1914-ல் பிரிக் நகரத்திலிருந்து ரயில் கிளெட்ச் வரை வந்தது. உலக யுத்தமும் பணமுடையும் குறுக்கிட்டதால், மலையைக் கடந்து செல்லும் பாதை 1926-ல்தான் பூர்த்தியாயிற்று. 1982-ல் மலையின் அடியில் நீண்ட சுரங்கப் பாதை திறந்ததும் மேலேயுள்ள பழைய பாதை வேண்டாததாகிவிட்டது. தண்டவாளங்கள் பழைய இரும்பாகப் போயிருக்கும். ஆனால் சாதாரண ஜனங்கள் சிலர் 1983-ல் ஒரு சங்கம் கூட்டி, ஊதியமின்றித் தாங்களே பாதையைச் செப்பனிட முன்வந்தார்கள். 1992-ல் ரயாலப்பிலிருந்து முதல் பகுதியில் ரயில் ஓடிற்று. 2000-ல் கிளெட்சை அடைந்தது. 2010-ல் ஓபர்வால்டு வரை சென்றது. தொடங்கிய காரியத்தை முடிக்க இருபத்தேழு வருஷம் ஆயிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ரயில் வேண்டும், எஞ்சினுக்கு எங்கே போவது? இந்தப் பாதையின் பழைய எஞ்சின்கள் 1947-ல் வியட்நாமிலுள்ள டாலாட் மலைப் பாதைக்கு விற்கப்பட்டிருந்தன. அங்கே துருப்பிடித்துக் கிடந்தவற்றை 1990-ல் கப்பலேற்றித் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்து, புதிதுபோல் ஆக்கினார்கள்.

இன்னொரு வேலை வருஷந்தோறும் உண்டு. ஸ்டெபன்பாக் என்னும் ஓடையின் மேலுள்ள இரும்புப் பாலம் பனிச்சரிவுக்குத் தப்பாது. ஆகவே குளிர்காலம் வருமுன் அதை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கரைக்கு இழுத்து வைக்கிறார்கள். பனி உருகியதும் மீண்டும் பூட்டுகிறார்கள். 1925 முதல் இதுவே வழக்கம்.

ஆயினும் மனித முயற்சிக்கு அடங்காத ஒன்றும் அங்கே உண்டு. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் நடுவில் ரோன் பனியாறு கிளெட்ச் பள்ளத்தாக்கு வரை இறங்கியிருந்தது. இன்று அது உருகிப் பாறைக்கு மேலே வெகுதூரம் ஒதுங்கிவிட்டது. ரயில் திரும்பி வந்தது, பனியாறு திரும்பவில்லை.

நம் நீலகிரி ரயிலும் இதற்கு உறவுதான். இரண்டும் பல்சக்கரத்தால் மலையேறுகின்றன. இரண்டுக்கும் வின்டர்தூர் தொழிற்சாலை எஞ்சின்கள் செய்து கொடுத்தது. 2005-ல் நீலகிரிப் பாதை உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பட்டம் கிடைத்துவிட்டது, அதைக் காக்கும் கைகள் நம்முடையவையாக இருக்க வேண்டாமா?