கரிசல் பாதையும் கோடை மழையும்

சித்திரையில் ஒரு மழை பெய்தால் ஊரே குளிரும். சிவகாசிப் பக்கம் எங்கள் ஊரில் மட்டும் கவலை. பட்டாசு ஆலைக்குப் போகும் வண்டிப்பாதை முழுக்கக் கரிசல். சைக்கிள் சக்கரத்தில் அப்பிக்கிட்டு நகரவே விடாது. போன வருஷம் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி வந்தப்போ ஆம்புலன்ஸ் தார் ரோட்டிலேயே நின்னுடுச்சு. கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கிட்டு ஓடினோம்.

காரணம் என்ன? கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். அது நீரை உறிஞ்சி உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் விழுந்த அந்த வெடிப்பு வழியாகத்தான் முதல் மழை நேரே அடிமண்ணுக்கு இறங்குகிறது. அப்புறம் பாரம் தாங்குமா?

கனடாவில் வசந்த காலத்திலும் பாதை இப்படித்தான் சேறாகும், காரணம் வேறு. மேல்மண் உருகும், அடிமண் உறைந்தே கிடக்கும், தண்ணீர் இறங்க வழியிருக்காது. அந்த வாரங்களில் பல மாகாணங்கள் லாரிப் பாரத்தைக் குறைக்கின்றன.

பரிகாரம் நம் பாடத்திலேயே இருக்கிறது. மண்ணில் சுண்ணாம்பு கலந்து இறுக்க வேண்டும். மேலே சரளை, நடு உயர்ந்த தளம், இருபுறமும் வடிகால் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். நான் போட ஆசைப்படும் முதல் ரோடு அந்தப் பாதைதான்.