நிணநீர்க்கணு: ஒரு சொல்லும் ஓர் அறுவையும்

தாசேக் கெலுகோர் வட்டாரத்து முதியவர் ஒருவர், பெருங்குடல் புற்றுக்கான அறுவையின் ஆய்வறிக்கை வந்த நாளில், "பதினெட்டுக் கட்டி எடுத்தார்களாமே, இனி நான் பிழைப்பேனா?" என்று தம் மகளிடம் கேட்டார். மருத்துவர் கூறியது பதினெட்டு நிணநீர்க்கணுக்கள். அவற்றுள் ஒன்றிலும் புற்று இல்லை. மலாயில் கேட்டதை வீட்டார் தமிழில் 'கட்டி' என்று பெயர்த்துவிட்டனர். ஒரு சொல் பிறழ்ந்ததால் நற்செய்தி துயரச் செய்தியாயிற்று.

'நிணம்' என்பது பழந்தமிழில் கொழுப்பைக் குறிக்கும் சொல். 'கணு' என்பது கரும்பிலும் மூங்கிலிலும் இயல்பாய் அமைந்த முடிச்சு. நிணநீர்க்கணுவும் அவ்வாறே நோயன்று. எல்லோர் உடலிலும் நூற்றுக்கணக்கில் உள்ள உறுப்பு. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் 'நெறி கட்டியது' என்கிறோமே, அந்நெறி இக்கணுவின் வீக்கமே.

நோயில்லாத கணுவையும் ஏன் எடுக்க வேண்டும்? குடலிலிருந்து வடியும் நிணநீர், குருதிக்குழாய்களை ஒட்டி, குடலைத் தாங்கும் கொழுப்பு மடிப்பினூடே செல்கிறது. புற்றணுக்களும் அவ்வழியே பரவக்கூடும். எந்தக் கணுவில் அவை தங்கியுள்ளன என்பது வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே நோயுற்ற குடற்பகுதியை அதன் கொழுப்பு மடிப்போடும் கணுக்களோடும் ஒரே துண்டாக எடுப்பர். இங்கிலாந்தின் மைல்ஸ் 1908இல் மலக்குடல் அறுவையில் இந்நெறியை வலியுறுத்தினார். மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறையைக் கிழியாமல் முழுதாக எடுத்தால் நோய் அவ்விடத்தில் மீள்வது குறையும் என்று ஹீல்டு 1982இல் காட்டினார். அதே நெறியை ஜெர்மனியின் ஹோஹென்பெர்கர் 2009இல் பெருங்குடலுக்கும் விரித்துரைத்தார்.

வயிற்றைத் திறந்து செய்வதா, சிறு துளைகளின் வழியே கருவி செலுத்திச் செய்வதா என்பது பலரின் ஐயம். பெருங்குடல் புற்று நோயாளிகள் 872 பேரிடம் செய்யப்பெற்று 2004இல் வெளிவந்த ஆய்வில், இருமுறைகளிலும் நோய் மீளும் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. துளைவழி அறுவையில் நோயாளி சற்று விரைவில் வீடு திரும்பினார். வாயில் வேறாயினும் உள்ளே செய்யவேண்டிய பணி ஒன்றே.

எடுத்த துண்டிலுள்ள கணுக்களை நோய்க்குறியியல் வல்லுநர் தேடி எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வார். குறைந்தது 12 கணுக்களையேனும் ஆராய வேண்டும் என்பது பொது நெறி. அதனிற் குறைந்தால் 'பரவவில்லை' என்னும் முடிவின் உறுதி தளரும். அறிக்கையில் 0/18 என்றிருந்தால், ஆராய்ந்தவை பதினெட்டு, நோயுற்றது ஒன்றுமில்லை என்பது பொருள். 2/18 என்றிருந்தால் இரண்டில் நோய் உண்டு. வேறிடங்களுக்குப் பரவாத நிலையில், ஒரு கணுவில் புற்று இருப்பினும் அது மூன்றாம் நிலை. அறுவைக்குப் பின் வேதிமருத்துவம் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படும். எனவே மேற்சிகிச்சையை முடிவுசெய்ய உதவுவது நோயுற்ற கணுக்களின் எண்ணிக்கையே. எடுத்தவற்றின் எண்ணிக்கை அச்சத்திற்குரியதன்று.

நம் நாட்டில் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை நாடுகின்றனர். கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசு சுகாதார நிலையங்களில், ஐம்பது வயதைக் கடந்தோர்க்கு மலத்தில் மறைந்த குருதியைக் கண்டறியும் எளிய சோதனை உண்டு. நாணம் கருதி அதைத் தவிர்த்தல் தகாது.

பெற்றோர்க்காக மருத்துவர் முன் மொழிபெயர்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: "எத்தனை கணு ஆராய்ந்தீர்கள்? எத்தனையில் நோய்?" என்று இரண்டையும் கேளுங்கள். வீட்டில் சொல்லும்போது கணுவைக் கணு என்றே சொல்லுங்கள்.