சொந்தத்தில் பெண் எடுக்கும் முன்

கம்பத்திலிருந்து குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு தாண்டி பீர்மேடு வரை பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களுக்குத் தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழ்க் குடும்பங்கள், மொழியோடு உறவுமுறையையும் மலைக்குக் கொண்டுவந்தன. தோட்டக் குடியிருப்பான லயத்தில் கல்யாணப் பேச்சு எழுந்தால் அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று உரிமையுள்ளவர்களைத்தான் முதலில் எண்ணிப் பார்க்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். கேரளத்தில் 5 பேர்கூட இல்லை. அங்கே இந்த வழக்கம் இருந்ததே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். எம்.டி. வாசுதேவன் நாயர் கதை எழுதி 1965இல் வந்த 'முறப்பெண்ணு' படத்தின் பெயரே சாட்சி. இருந்தது, மெல்ல வழக்கொழிந்தது.

லயத்தில் அது தொடர்வதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. சீர்வரிசைத் தொல்லை குறைவு. பெண் கண்காணாத ஊருக்குப் போக வேண்டியதில்லை. தோட்டங்கள் பூட்டிக்கிடந்த வருடங்களில் அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கைகொடுத்ததும் இந்தச் சொந்தம்தான். அதனால் "சொந்தத்தில் கட்டினால் பிள்ளை குறையோடுதான் பிறக்கும்" என்று மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. "நம்ம தாத்தா பாட்டி கட்டலையா, நாமெல்லாம் நல்லாத்தானே இருக்கோம்" என்று தட்டிக்கழிப்பதிலும் இல்லை.

நம் உடலில் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இப்படிச் சில பழுதுகள் நம் எல்லோரிடமும் உண்டு. கணவன் மனைவி இருவரிடமும் ஒரே மரபணுவில் பழுது இருந்தால்தான் சிக்கல். அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். இருவருக்கும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நாலில் ஒரு பங்கு.

எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 100க்கு 2 முதல் 3. அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அப்படியும் நூற்றில் 94, 95 குழந்தைகள் நலமாகவே பிறக்கும். தாய்மாமன் விஷயத்தில் ஆபத்து அதைவிடக் கூடுதல். இந்து திருமணச் சட்டம் 1955 அந்த உறவைத் தடை செய்து, வழக்கம் இருக்கும் இடங்களில் மட்டும் விட்டுவைத்திருக்கிறது. வயது வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தால், தாய்மாமன் கல்யாணத்தை மட்டுமாவது இந்தத் தலைமுறையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பேன்.

குறையோடு ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் மாமியார் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எங்க வம்சத்துல இப்படி யாருமே இல்லையே?" பழி மருமகள் மீது விழும். இந்த வகை நோய்கள் வருவதே அப்படித்தான். வம்சத்தில் யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருந்து, இரண்டு பக்கமும் சேரும்போது வெளிப்படுகின்றன. அப்பாவின் பங்கு சரிபாதி. இன்னொரு தவறான கணக்கும் ஊரில் உண்டு. இருவரிடமும் பழுது இருப்பதால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று என்று டாக்டர் சொன்னால், "முதல் பிள்ளைக்கு வந்திருச்சு, இனி மூணு பிள்ளைக்குப் பயமில்ல" என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே நாலில் ஒன்றுதான், மூன்றாவது பிள்ளைக்கும்.

சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் அடிக்கடி தென்படுவது பிறவிச் செவிட்டுத்தன்மை. இதில் பெரும்பகுதிக்கு மரபணுவே காரணம். கதவு அறைந்தால் குழந்தை திடுக்கிடவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை, ஒரு வயதாகியும் 'அம்மா' வரவில்லை என்றால் உடனே காது பார்க்க வேண்டும். "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசுனான்" என்று மூன்று வயது வரை பொறுத்திருப்பதுதான் பெரிய நஷ்டம். மூளை பேச்சைப் பழகும் பருவம் அது. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முன்பே ஓ.ஏ.ஈ. சோதனை கேளுங்கள். தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் கருவியை வைத்துச் சில நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், வலியே இருக்காது. காக்ளியர் கருவி பொருத்த கேரள அரசின் 'ஸ்ருதிதரங்கம்' திட்டம் இருக்கிறது. ஐந்து வயதுக்குள் போக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பிறந்தது முதல் 18 வயது வரை பிறவிக் குறைகளைக் கண்டுபிடித்து இலவசமாகச் சிகிச்சைக்கு அனுப்ப 2013 முதல் ஆர்.பி.எஸ்.கே. திட்டமும் நடக்கிறது. ஆஷா பணியாளரிடம் கேட்டால் வழி சொல்வார்.

"நாங்க சொந்தமே இல்ல, வெளியிலதான் கட்டினோம்" என்பவர்களும் முழுக்க ஒதுங்கிக்கொள்ள முடியாது. பல நூற்றாண்டாக ஒரே சாதிக்குள் கட்டுவதும் மரபணுவைச் சின்ன வட்டத்துக்குள் சுழல விடுகிறது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானி தங்கராஜும் பிறரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் பல சமூகங்கள் இப்படிச் சுருங்கிய வட்டங்களாக இருப்பதைக் காட்டியது.

ஒரு சமூகத்துக்குள் சுழலும் பழுதுக்கு ஓர் உதாரணம்: பாலக்காட்டின் அட்டப்பாடியில் இருளர், முடுகர் இடையே அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறது. தென்னிந்தியாவில் இது முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். பழுது ஒரு பிரதியில் மட்டும் உள்ளவர் நோயாளி அல்ல. அப்படிப்பட்ட இருவர் மணந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்து. கல்யாணத்துக்கு முன்பே ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒன்றிய அரசு 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய ஒழிப்பு இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கக் குறிவைத்தது.

இனி உரிமைகள். அரிவாள் செல் நோய், தாலசீமியா, ஹீமோபிலியா மூன்றையும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தன் 21 வகைகளில் சேர்த்திருக்கிறது. குறை 40 சதவீதமோ மேலோ என்று சான்று கிடைத்தால் உயர்கல்வியில் இடஒதுக்கீடு கேட்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்கு விண்ணப்பித்துவிடுங்கள். பரம்பரை நோய் என்று சொல்லிக் காப்பீட்டுப் பணத்தை மறுப்பதும் செல்லாது. 2018இல் டில்லி உயர் நீதிமன்றம், மரபணுவைக் காட்டிப் பாகுபாடு செய்வது அரசமைப்புக்கு முரண் என்றது. மரபணு நோய்களை மருத்துவக் காப்பீட்டிலிருந்து ஒதுக்கி வைக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019இல் நிறுவனங்களுக்கு விதி வகுத்தது. மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் கொச்சியிலுள்ள காப்பீட்டு ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

கர்ப்பத்திலேயே மரபணு நோயைக் கண்டறியும் சோதனை சட்டப்படி உண்டு. அதற்குக் கர்ப்பிணியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். அந்தச் சாக்கில் ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994 சட்டப்படி குற்றம். முடிவு வந்தபின் கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பதில், வயதுவந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே சட்டத்துக்குத் தேவை. கணவரோ மாமியாரோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

மலையாளத்தில் எழுதத் தெரியாதே என்று மனுவைக் கிடப்பில் போட வேண்டாம். நாட்டிலோ மாநிலத்திலோ புழங்கும் எந்த மொழியிலும் குறைதீர் மனு கொடுக்க அரசமைப்பின் 350ஆவது பிரிவு உரிமை தருகிறது. பீர்மேட்டில் தமிழில் எழுதலாம்.

நிச்சயத்துக்கு நாள் பார்க்கும் முன், இரண்டு குடும்பத்திலும் மூன்று தலைமுறைக்கு யாருக்குச் செவிடு, யாருக்குப் பார்வைக் குறை, யார் சின்ன வயதில் இறந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு பீர்மேடு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனால், மரபணு ஆலோசனைக்கு கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கு எழுதித்தரச் சொல்லிக் கேட்கலாம். எல்லா நோயையும் காட்டும் ஒற்றைச் சோதனை கிடையாது. குடும்ப விவரம் தெரிந்தால்தான் எதைப் பார்ப்பது என்று டாக்டர் முடிவு செய்வார். போகும்போது மாப்பிள்ளையையும் கூட்டிப் போங்கள், ரத்தம் இருவரும் கொடுக்க வேண்டும்.